மூணாம் வரிசை சன்னலோரத்துப் பசி

கோயமுத்தூர் கணபதியில மருதாயம்மாள் மண்டபம்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப அந்த எடத்துல கார் கழுவுறாங்க, அந்த மண்டபத்துச் சாப்பாட்டு ஹால்ல ஒரு வருசமும் நாலு மாசமும் அறுபத்திரண்டு பேரோட பசி வந்து ஒக்காந்திருந்துச்சு. ஆளுக வரல, பசி மட்டுந்தான். ஆளுக பூராம் அவியவிய ஊருல, அவியவிய கடையில, செல்போனுக்கு முன்னாடி தலையச் சீவிக்கிட்டு நல்லாத்தான் ஒக்காந்திருந்தாங்க. கணபதிக்காரங்க யாரக் கேட்டாலும், "ஆமா, அந்த மோட்டார் டீலருங்க பசிதானே, பேக்கரி தாண்டி ரெண்டாவது கேட்டு"ன்னு வழி சொல்லுவாங்க, கோயிலுக்கு வழி சொல்ற மாதிரி.

நான் அங்க எலை போடுற ஆளு. எலை போட்டுத் தண்ணி வெக்கிறது, பந்தி முடிஞ்சா எலை எடுத்து டேபிள் தொடைக்கிறது, இருவத்தாறு வருசம் அதுதான் பொழப்பு. ஆடி மாசம் கல்யாணம் கெடையாது, மண்டபமெல்லாம் ஈயாடிக் கெடக்கும், ஆனா ஆடியிலதான் மோட்டார் யாவாரமும் மந்தமா இருக்கும், அதனால கோயமுத்தூர் மோட்டார் கம்பெனிக்காரங்க டீலர் மீட்டிங்க ஆடியில வெப்பாங்க. நீரோசை பம்ப்செட் கம்பெனி எங்க மண்டபத்துலதான் வெக்கும், வருசம் தவறாம, ஆடிப் பதினெட்டு கழிஞ்ச ரெண்டாம் நாளு. தர்மபுரியில இருந்து தேனி வரைக்கும் அறுபத்திரண்டு டீலருங்க வருவாங்க. காலையில சந்தகையும் தேங்காப்பாலும், மத்தியானம் ஒப்புட்டுங்கற பருப்புப் போளியோட எலைச்சாப்பாடு. மீட்டிங்குன்னா மேடையில படம் போட்டுப் பேசுவாங்க, கை தட்டுவாங்க, நல்லா யாவாரம் பண்ணுனவருக்குச் சால்வை போத்துவாங்க, அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. நெய் ஊத்துறதுதான் மீட்டிங்கு.

அது என்னன்னா, பெரிய மொதலாளி வேணுகோபால்னு ஒருத்தரு, கம்பெனிய ஆரம்பிச்சவரு, மேடையில கடைசியா மைக்கப் புடிச்சு, "எல்லாரும் பந்தியில ஒக்காந்து சாப்ட்டுப்போட்டுத்தான் போகோணும்"னு சொல்லுவாரு. சொன்ன கையோட செருப்பக் கழட்டிப்போட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பித்தளைக் கிண்ணத்துல நெய்ய எடுத்துக்கிட்டு மொத வரிசை மொத எலையில ஆரம்பிப்பாரு. ஒவ்வொரு எலைக்கும் குனிஞ்சு, சோத்துல ஒரு கரண்டி ஊத்தி, "சொல்லுங்க"ம்பாரு. அப்பத்தான் டீலரு மனசுல இருக்கறதச் சொல்லுவாரு. "காயில் சூடாகுதுங்க", "போன மாசம் வந்த லோடுல மூணு மோட்டார் சொணங்கிப் போச்சுங்க", "எம்பட பையனுக்குப் படிப்பு ஏறலைங்க, உங்க ஃபேக்டரியில சேத்துக்கோணும்"னு. மொதலாளி இன்னொரு கரண்டி ஊத்துனா செஞ்சுருவாருன்னு அர்த்தம், ஊத்தாம நகந்தா இல்லன்னு அர்த்தம். வாயத் தொறந்து இல்லங்கற வார்த்தைய அந்த மனுசன் சொல்லி நான் கேட்டதே இல்ல. அந்தப் பந்தியிலதான் உடுமலைக்காரரும் அவினாசிக்காரரும், பத்து வருசம் பேச்சு வார்த்தை இல்லாத ரெண்டு பேரு, எதிரெதிரா எலை விழுந்து, அப்பளத்தத் தள்ளி விடப் போயி சம்பந்தி ஆனது. அப்பிடிக் கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இப்ப ரெண்டு கொழந்தைங்க, மூத்தது அப்பளம்னா உசுர விடுதாம், அது கெடக்கட்டும்.

மூணாம் வரிசை சன்னலோரம் மூலனூர் சென்னியப்பனோட எடம். இருவத்திரண்டு வருசமா அதே எடந்தான். கூச்ச சுபாவம், மைக்க நீட்டுனா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குவாரு. சுத்தி இருக்கறவங்க எல்லாம் ரசத்துக்கே போயிருந்தாலும், நெய் விழுகாம சோத்துல கை வெக்கமாட்டாரு, மொதலாளி வர்ற வரைக்கும் சும்மா எலையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. வருசத்துக்கு ஒரே ஒரு சமாச்சாரம் வெச்சிருப்பாரு, அத நெய் விழுகறப்பத்தான் சொல்லுவாரு, வூட்டுக்காரிகிட்டக்கூட முன்னால சொல்லமாட்டாரு.

பொறவு பெரிய மொதலாளிக்குக் கை கால் இழுத்துக்கிச்சு, மகன் கிருபாகரன் கம்பெனிக்கு வந்தாரு. நல்ல பையன், அத ஒத்துக்கோணும், வாட்ச்மேன் சின்னராசுக்குக்கூட வணக்கம் வெப்பாரு. அவரு ரோசன பண்ணிப் பாத்தாரு, அறுபத்திரண்டு பேரு ஒரு நாளு வர, ஒரு நாளு போக, கடைய அடைச்சுப்போட்டு எதுக்கு இத்தன அலைச்சல், இருக்கற எடத்துலயே போன்ல பாத்துக்கலாமேன்னு, ஆன்லைன் மீட்டிங்னு சொல்லிப்போட்டாரு. டீலருங்களுக்கும் சந்தோசந்தான், இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வேல பண்ணுனாரு. வூட்ல ஒக்காந்து பேசுனா வெறுமையாத் தெரியும்னு, மொத வருசம் எங்க மண்டபத்து மேடையில நின்னே பேசுனாரு, எதுத்தாப்புல அறுபத்திரண்டு சேரப் போட்டு, சேருக்கு ஒரு பேரு எழுதி ஒட்டி, கேமராக்காரப் பொண்ணு ஒண்ண வெச்சு. சமையக்கட்டுல அடுப்புப் பத்த வெக்கல. மாஸ்டர் நாகமாணிக்கம் கவுத்துன அண்டா மேல ஒக்காந்துக்கிட்டு, "எலை போடுற அக்காளுக்கும் இன்னைக்கு லீவு, எனக்கும் லீவு, எலிக்குத்தான் கஷ்டம்"னாரு.

கிருபாகரன் நல்லாத்தான் பேசுனாரு. முடிக்கறப்ப, அப்பன் சொல்லிச் சொல்லிக் காதுல ஊறிப் போன வார்த்தை, தன்னால வாயில வந்துருச்சு. "எல்லாரும் பந்தியில ஒக்காந்து சாப்ட்டுப்போட்டுத்தான் போகோணும்." சொன்ன பொறவுதான் சுதாரிச்சு நாக்கக் கடிச்சாரு. கேமராக்காரப் பொண்ணு சிரிச்சா. பெரிய டிவியில கட்டங்கட்டமா இருந்த அறுபத்திரண்டு மொகமும் சிரிச்சுச்சு, கை கூப்புச்சு, ஒவ்வொரு கட்டமா அணைஞ்சுச்சு. அவரு கார் ஏறிப் போயிட்டாரு. நான் சேரெல்லாம் மடக்கி வெச்சேன்.

மத்தியானம் ஒண்ணே காலுக்குச் சாப்பாட்டு ஹால் கதவு தொறந்துச்சு. கூப்பிட்டவங்க கூப்பிட்டாச்சு, வரவேண்டியது வந்துருச்சு. ஒண்ணொண்ணா வந்து, போன வருசம் அதது ஒக்காந்த எடத்துல ஒக்காந்துச்சு. கண்ணுக்குத் தெரியுமான்னா தெரியாது, ஆனா பசி எதுத்தாப்புல ஒக்காந்தா தெரியாதா என்ன, பெத்த புள்ளைக்குப் பசின்னா நாம பாத்தா தெரிஞ்சுக்கறோம். பொள்ளாச்சிக்காரரு பசி கோவக்காரப் பசி, வந்ததும் டேபிளத் தட்டுச்சு. தேனிக்காரருது ஊறுகாய்ப் பக்கமே திரும்பி ஒக்காந்துச்சு. மூணாம் வரிசை சன்னலோரத்துல ஒண்ணு வந்து, சத்தமில்லாம, கைய மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்துச்சு. நான் மாஸ்டரப் பாத்தேன், மாஸ்டரு என்னையப் பாத்தாரு. "எத்தனை எலை?"ன்னாரு. "அறுபத்திரண்டுங்க"ன்னேன். அவசரத்துக்கு அரிசியும் பருப்பும் போட்டுக் கெளறி எறக்குனாரு, நான் எலை போட்டேன். ஒண்ணும் தொடல. சோறு ஆறி, காஞ்சு, எலையோட ஒட்டிப் போச்சு. அதுக எல்லாம் கதவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மாஸ்டருதான் சொன்னாரு, "கூப்பிட்டவரு கையால நெய் விழுகோணும்க்கா. நாம யாரு கூப்பிட்டோம்."

அடுத்த நாளு எந்திரிக்கும்னு பாத்தோம், எந்திரிக்கல. ஒரு வாரம் பாத்தோம். சின்னராசு வூட்ல ஆறு இட்லி தின்னுப்போட்டு வந்து, ஹால் கதவத் தொறந்தா மறுபடியும் பசிக்குதுன்னு வூட்டுக்குத் திரும்பிப் போவான், பொண்டாட்டி அவனச் சந்தேகப்பட்டு மந்திரிச்சுக் கயிறு கட்டி விட்டா. எதுத்தாப்புல அவுசேப்பேட்டன் டீக்கடை, பாலக்காட்டுப் பக்கத்து மனுசன், பஜ்ஜி சட்டிய ரெண்டாக்குனாரு, பொறவு நாலாக்குனாரு, ஏன்னா மண்டபத்த நடந்து தாண்டுறவன் எவனும் வெறும் வாயோட தாண்டல. சோறு எறங்காத கொழந்தைங்கள இடுப்புல தூக்கிக்கிட்டு, கிண்ணத்துல பருப்புச் சோத்தப் பெசஞ்சு எடுத்துக்கிட்டு தாய்மாருங்க வருவாங்க, சன்னல் பக்கம் நின்னா போதும், கொழந்தை நாலு வாயி வாங்கிரும். ஆசுபத்திரியில இருந்து, காய்ச்சக்காரங்களக் கூட்டிட்டு வந்து பத்து நிமிசம் நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. பொரட்டாசி விரதக்காரங்க அடுத்த தெருவுல சுத்திப் போனாங்க, சக்கரை வியாதிக்காரங்களும் சுத்திப் போனாங்க. கவுன்சிலரு வந்து பாத்துப்போட்டு, "இது பொதுமக்களுக்கு எடைஞ்சலா, இல்ல வசதியா?"ன்னு கேட்டாரு, கேட்டுப்போட்டு அவரும் ரெண்டு பஜ்ஜி தின்னுப்போட்டுப் போனாரு. கல்யாணம் வெச்சா பொண்ணு வூட்டுக்காரங்க நடுவுல ஒரு தெரையக் கட்டி விட்டு, ரெண்டு மடங்கு சோறு வடிச்சாங்க, அப்பவும் தெரைக்கு இந்தப் பக்கம் ஒக்காந்த ஒறம்பரை சனமெல்லாம் பாயசத்துக்கு அடிச்சுக்கிச்சு. ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுறதுக்கு முந்தியே மூணு தடவை பந்திக்குப் போயிட்டு வந்தாரு, அந்தக் கல்யாணம் நின்னிருக்கும், நல்ல வேளையா பொண்ணும் ரெண்டு தடவை போயிருந்தா.

இப்படி ஊரு அதுக்கு ஒரு எடத்த ஒதுக்கிக் குடுத்துருச்சு. ஆனா பசி இங்க இருந்தா, அதோட ஆளு அங்க என்ன ஆவான், அத நாங்க யாரும் ரோசிக்கல. நான் ரோசிக்கல, எம்மேலதான் தப்பு.

அடுத்த ஆடியில மறுபடியும் ஆன்லைன் மீட்டிங்கு. கிருபாகரன் வூட்ல இருந்தே பேசுனாரு, அந்த வார்த்தைய ஜாக்கிரதையா உட்டுட்டாரு. டீலருங்க முன்னைக்கு இப்ப நல்லா வேல செய்யறாங்க, சாப்பாட்டு நேரத்துலயும் போன எடுக்கறாங்கன்னு பாராட்டுனாராம். ஆமா, எடுக்காம என்ன பண்ணுவாங்க. அவியளுக்குத்தான் சாப்பாட்டு நேரமே இல்லியே.

பொரட்டாசி ஆரம்பத்துல, வெயில் ஏறுன நேரம், ஒரு பொம்பளை வந்தா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கைத்தறிச் சேலை, கையில தூக்குப்போசி. வாசல்ல செருப்பக் கழட்டிப்போட்டு, "ஏனுங்கக்கா, மூலனூர்க்காரரு பசி எங்கைங்க ஒக்காந்திருக்குது?"ன்னா.

பூங்கோதை அவ பேரு, சென்னியப்பன் சம்சாரம். தாராபுரத்து டீலர் வூட்டம்மா சொல்லி வந்திருக்கறா. நான் கூட்டிட்டுப் போயி மூணாம் வரிசையக் காட்டுனேன். காட்ட வேண்டியதே இல்ல, பாதி ஹால்லயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எதுத்த சேர்ல ஒக்காந்தா.

"பதினாலு மாசமாச்சுங்க்கா, சோறு போடுன்னு ஒரு வார்த்தை கேட்டு"ன்னா. "நான் போட்டாத் திங்கறாரு. மூட்டையில நெல்லப் போட்ட மாதிரி திங்கறாரு. போதும்னும் சொல்றதில்ல, இன்னும் போடுன்னும் சொல்றதில்ல. முன்னயெல்லாம் கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா, கெணத்துத் தண்ணி மாறிருச்சாம்பாரு, என்னையச் சொல்லமாட்டாரு, கெணத்தச் சொல்லுவாரு. இப்ப உப்பே போடாம வெச்சுப் பாத்தேன். தின்னுட்டுக் கையக் கழுவிட்டுப் போயிட்டாரு. தாராபுரத்துல ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணுமே இல்லைங்கறாங்க. மோதிரம் கழண்டு விழுகுதுங்க்கா. சட்டை போட்டா ஹேங்கர்ல மாட்டுன மாதிரி இருக்குது."

"ஒடம்புல ஒட்டலையா?"

"பசி இல்லாத ஒடம்புல எதுங்க ஒட்டும்." சன்னலோரத்துப் பக்கம் பாத்து, "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க. வூட்டுக்குப் போலாம். ஒப்புட்டு சுட்டுத் தாறேன்"ன்னா. தூக்குப்போசியத் தொறந்தா, ஒப்புட்டு கொண்டாந்தே இருந்தா, மேல நெய் தடவி. அது ஒருக்கா திரும்பி அந்த வாசனையப் பாத்துச்சு. பொறவு மறுபடியும் கதவப் பாத்து ஒக்காந்துருச்சு.

"மானஸ்தரு"ன்னா பூங்கோதை. "கூப்பிட்ட எடத்துல கை நனைக்காம எந்திரிக்கமாட்டாரு. எங்க சின்ன மாமியா வூட்டு விருந்துல சோறு பத்தாமப் போயி நாலு மணி வரைக்கும் எலை முன்னாடி ஒக்காந்திருந்தவரு."

அவ நேரா கம்பெனிக்குப் போனா, நானும் கூடப் போனேன். கண்ணாடி மாளிகை, கீழ ஒரு புள்ள கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருந்தா. "எம்டி சார் யாரையும் நேர்ல பாக்கறதில்ல மேடம், மீட்டிங் லிங்க் அனுப்பறேன்"ன்னா. அவரு எங்க இருக்கறாருன்னு கேட்டா, "மேல, நாலாவது மாடி"ங்கறா. அங்கயே சோபாவுல ஒக்காந்து, அந்தப் புள்ளையே போன்ல லிங்க்க அமுத்திக் குடுத்து, நாலு மாடிக்கு மேல இருக்கற கிருபாகரனப் பூங்கோதை உள்ளங்கையில பாத்தா.

"சொல்லுங்க்கா"ன்னாரு அவரு, தங்கமாத்தான்.

"சார், எங்கூட்டுக்காரரு பசி உங்க மண்டபத்துல ஒக்காந்திருக்குதுங்க. நீங்க ஒரு நட வந்து ஒரு கரண்டி நெய் ஊத்துனீங்கன்னா எந்திரிச்சுருமுங்க."

அவரு நம்பாமெல்லாம் இல்ல, கோயமுத்தூர்ல பொறந்தவரு, அவருக்கும் சேதி தெரியும். "கண்டிப்பாப் பண்ணிரலாங்க்கா"ன்னாரு. மூணாம் நாளு அறுபத்திரண்டு டீலர் வூட்டுக்கும் கூரியர்ல ஒரு பாட்டில் நெய் வந்துச்சு, மேல அவரு கையெழுத்துப் போட்ட அட்டை. நெய் அங்க, பசி இங்க. இவ மறுபடியும் சொல்லி அனுப்புனா. அடுத்த வாரம் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு பெரிய டிவியக் கொண்டாந்து சாப்பாட்டு ஹால்ல மாட்டுனாங்க, டிவியில கிருபாகரன் தெரிஞ்சாரு, கையில கிண்ணம், கேமராவப் பாத்து ஒரு கரண்டி நெய்ய எடுத்து ஊத்துற மாதிரி சாச்சாரு. அறுபத்திரண்டு பசியும் திரும்பி டிவியப் பாத்துச்சு. நான் எத்தனையோ எழவு வூட்டுக்குப் போயிருக்கறேன், அப்பிடி ஒரு அமைதிய எங்கயும் பாத்ததில்ல. பொள்ளாச்சிப் பசிகூட டேபிளத் தட்டறத நிறுத்திருச்சு. "ஓகேவாக்கா?"ன்னு டிவியில கேட்டாரு. மாஸ்டரு துண்டால மொகத்தத் தொடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு.

ஐப்பசியில சென்னியப்பன் கட்டல்ல விழுந்துட்டாரு. கொழுந்தனாரப் பக்கத்துல இருக்கச் சொல்லிப்போட்டு, பூங்கோதை விடியறதுக்கு முந்தி பஸ் ஏறி வந்தா. பதினோரு மணிக்கு லிங்க் குடுத்திருந்தாங்க. மண்டபத்துல இருந்தே பேசி, போனத் திருப்பி அந்த மூணாம் வரிசையக் காட்டோணும், கண்ணால பாத்தா வராமப் போவாரான்னு அவ நெனைப்பு. சன்னலோரத்துக்கு எதுத்த சேர்ல ஒக்காந்து லிங்க்க அமுத்துனா. 'காத்திருக்கவும், உங்களை விரைவில் உள்ளே அனுமதிப்பார்கள்'னு வந்துச்சு. காத்திருந்தா. பதினொண்ணரை. பன்னண்டு. நான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன், குடிக்கல, கண்ண எடுத்தா அந்த நேரம் பாத்துக் கூப்பிட்டுருவாங்கன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு பக்கம் அவ போனப் பாத்துக்கிட்டு, எதுத்தாப்புல அவரு பசி கதவப் பாத்துக்கிட்டு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. பன்னண்டே காலுக்குச் சார்ஜ் தீந்து போன் அணைஞ்சு போச்சு. எங்க சார்ஜர் எதுவும் அதுக்குச் சேரல.

பன்னண்டே முக்காலுக்கு அது எந்திரிச்சுச்சு.

சேர் பின்னால நகர்ற சத்தம் கேட்டுத்தான் நாங்க திரும்புனோம். அறுபத்தோரு பசி ஒக்காந்திருக்குது, மூணாம் வரிசை சன்னலோரத்துப் பசி மட்டும் எந்திரிச்சு நிக்குது, எங்க போறதுன்னு தெரியாத மாதிரி. பூங்கோதை வாயப் பொத்திக்கிட்டு அழுதா, சிரிச்சா. "பாத்தீங்களாக்கா, எம்பேச்சுக் கேட்டுட்டாரு. யாரு நெய்யும் வேண்டாம்னு எந்திரிச்சுட்டாரு"ன்னா. நானும் சந்தோசப்பட்டேன். மாஸ்டரு ஓடி வந்து, "நான் ஒப்புட்டுக்குப் பருப்பு ஊறப் போடட்டுமா?"ன்னாரு. "இல்லீங்கண்ணா, வூட்ல போயிச் சுட்டுக்கறேன்"ன்னா. ஒத்தையா அனுப்ப மனசில்லாம நானும் கெளம்புனேன்.

சிங்காநல்லூர்ல தாராபுரம் பஸ் ஏறுனோம். அவ சன்னலோரத்துச் சீட்ட விட்டுட்டு ஒக்காந்தா. கண்டக்டரு, "ரெண்டு பேருங்களா?"ன்னாரு. "மூணு"ன்னா. அவரு காலிச் சீட்டப் பாத்தாரு, பாத்ததும் அவரு வவுறு சத்தம் போட்டுச்சு, மூணு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரு. பல்லடம் தாண்டறதுக்குள்ள பஸ்ல இருக்கற அத்தனை பேரும் பைய அவுத்துட்டாங்க, முறுக்கு, வாழப்பழம், ஒரு தாத்தா மகளுக்குக் கொண்டு போற சீர்ப்பலகாரத்தப் பிரிச்சுட்டாரு. குண்டடத்துல டிரைவரே வண்டிய ஓரங்கட்டி, "எல்லாரும் பத்து நிமிசம் சாப்ட்டுக்கங்க, என்னால முடியல"ன்னாரு. பூங்கோதை எறங்கல. சன்னல் பக்கம் திரும்பி மெதுவாப் பேசிக்கிட்டே வந்தா, பருப்பு எவ்வளவு போடறது, வெல்லம் கருப்பட்டியா மண்டவெல்லமா, மூத்தவ பெங்களூர்ல இருந்து தீவாளிக்கு வர்றாளாம்னு. ஒண்ணேகால் வருசத்துப் பேச்ச அன்னைக்குப் பேசுனா. குண்டடம் தாண்டுன பொறவு எனக்குள்ள ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சுச்சு, கூப்பிட்ட எடத்துல கை நனைக்காம எந்திரிக்காத மனுசன் ஏன் எந்திரிச்சாருன்னு. அத வாயில எடுக்கல.

மூலனூர்ல வூட்டுச் சந்து திரும்பறப்பவே வாசல்ல பெஞ்சு போட்டிருந்துச்சு. ஆம்பளைங்க துண்டத் தோள்ல போட்டுட்டு நின்னாங்க. கொழுந்தனாரு ஓடியாந்து, "போன் போட்டுட்டே இருந்தமுங்க அண்ணி, சுட்ச்ஆப்னே வந்துச்சு. பன்னண்டே முக்காலுக்குங்க"ன்னாரு.

அவ தூக்குப்போசிய என்ற கையில குடுத்தா. பசி எங்களுக்கு முன்னாலயே உள்ள போயிருச்சு. கட்டல்ல அவரு ஓலைப்பாயி மாதிரி கெடந்தாரு. அது போயிப் பக்கத்துல ஒக்காந்துச்சு, அவரு வவுத்து மேல கை வெச்சுப் பாத்துச்சு, உள்ள போக வழி இருக்குதான்னு. வழி இல்ல. பொறவு நகந்து பூங்கோதை பக்கத்துல வந்து ஒக்காந்துச்சு. எழவு வூட்ல அடுப்புப் பத்த வெக்கக்கூடாது. ஒறம்பரைங்க அவியவிய வூட்ல இருந்து சோறாக்கிக் கொண்டாருவாங்க, அன்னைக்கு மூணு தடவை கொண்டாந்தாங்க, பத்தல. சாவுக்கு வந்த சனமெல்லாம் கூச்சப்பட்டுக்கிட்டே, அழுதுக்கிட்டே தின்னுச்சு. கட்டல்ல கெடந்தவரத் தவிர அந்த ஊரே பசியா இருந்துச்சு.

கம்பெனியில இருந்து மாலை கூரியர்ல வந்துச்சு. எட்டாம் நாளு ஆன்லைன்ல இரங்கல் கூட்டம் போட்டாங்க. அறுபத்தோரு கட்டத்துல மொகம், ஒரு கட்டம் கறுப்பா, அதுல பேரு மட்டும். ரெண்டு நிமிசம் யாரும் பேசக்கூடாதுன்னதுல, கிருபாகரனுக்கு அந்த ரெண்டு நிமிசமும் மொகங்களப் பாக்கறதத் தவிர வேற வேல இல்லாமப் போச்சு. பாத்தாரு. அறுபத்தோரு பேருக்கும் கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு.

கார்த்திகை மாசம் ஒரு காலையில சொல்லாமக் கொள்ளாம மண்டபத்துக்கு வந்தாரு. வேட்டி கட்டியிருந்தாரு, மடிச்சுக் கட்டத் தெரியல, மாஸ்டருதான் கட்டி விட்டாரு. கையில அப்பனோட பித்தளைக் கிண்ணம். நான் எலை போட்டேன், பழக்கத்துல அறுபத்திரண்டு எலை போட்டுட்டேன். மொத வரிசை மொத எலையில குனிஞ்சு ஒரு கரண்டி ஊத்தி, "சொல்லுங்க"ன்னாரு. பசிக்கு என்ன பேசத் தெரியும். சாப்பிட்டுச்சு, எந்திரிச்சுப் போச்சு. அந்த நேரத்துக்குத் தர்மபுரியில ஒருத்தரு கடைச் சட்டரப் பாதி எறக்கிப்போட்டு வூட்டுக்கு ஓடுனாராம். பொள்ளாச்சிக்காரரு சம்சாரத்தத் திட்டுனாராம் இன்னும் கொழம்பு கொதிக்கலையான்னு, அந்தம்மா அந்தத் திட்டக் கேட்டு அழுதுச்சாம். ஒவ்வொரு ஊரா ஒவ்வொருத்தரா சோறு கேட்டாங்க.

மூணாம் வரிசை கடைசியில, சன்னலோரத்துலயும் அவரு குனிஞ்சு நெய்ய ஊத்திட்டாரு. சோத்துல விழுந்த நெய் அப்பிடியே நின்னுச்சு. நிமுந்து என்னையப் பாத்தாரு.

"இது மூலனூர்க்காரரு எடங்க"ன்னேன்.

"அவரு எங்கிட்ட என்ன சொல்றதுக்கு வெச்சிருந்தாரு, உங்களுக்குத் தெரியுங்களா?"ன்னாரு.

"தெரியாதுங்க. அத நெய் விழுகறப்ப மட்டுந்தான் சொல்லுவாரு."

இன்னொரு கரண்டி ஊத்துனாரு. என்ன கேட்டாருன்னே தெரியாம, செஞ்சு தாறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. பொறவு கிண்ணத்த டேபிள் மேல வெச்சுட்டு, செருப்பு மாட்டாமயே கார் ஏறிப் போயிட்டாரு.

அவரு திருந்திட்டாருன்னு நெனைச்சுக்காதீங்க. அடுத்த ஆடியிலயும் ஆன்லைன்தான், அதுக்கடுத்த ஆடியிலயும் ஆன்லைன்தான், பேச வேண்டியத எழுதி வெச்சுப் படிக்கறாராம், அதுல சாப்பாட்டுப் பேச்சே வராம ஒரு ஆளு சரி பாக்கறாராம். மத்த கம்பெனிக்காரங்களும் நிறுத்திட்டாங்க. கல்யாணத்த மட்டும் நம்பி மண்டபம் ஓடல. அவுசேப்பேட்டன் பாலக்காட்டுக்கே போயிட்டாரு, பசி போனதுக்கு அப்புறம் அந்தத் தெருவுல யாரும் பஜ்ஜி கேக்கல.

போன தை மாசம் மூலனூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவ, பூங்கோதையப் பாக்கப் போனேன். கடைய அவதான் பாக்கறா, நீரோசை போர்ட எடுத்துட்டா. ரெண்டாளு சோறு சாப்பிடறா, ஒடம்புல ஒரு பிடி சதை வெக்கல. "அவருக்குப் பசிக்குதுங்க்கா, நான் சாப்பிடறேன், வேற யாரு இருக்கறா"ன்னா. அவ பக்கத்துல சன்னலோரத்துல ஒரு சேர் காலியாக் கெடந்துச்சு, கையக் கட்டிக்கிட்டு யாரோ ஒக்காந்திருக்கற மாதிரி. வெயில் ஏறிருச்சு, எனக்கு நல்ல பசி. ஒறம்பரை வந்தா வாசப்படியிலயே வெச்சு நாம எல்லாரும் சொல்ற வார்த்தைதான், அத அவ சொல்லல. உள்ள போனா. சட்டியத் தொறந்து பாத்தா. எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, சோத்த வெச்சு, பருப்ப ஊத்தி, நெய்ய ஊத்தி, என்ற கையப் புடிச்சு எலை முன்னாடி ஒக்கார வெச்சா.

அப்புறந்தான், "சாப்ட்டுப்போட்டுத்தான் போகோணும்"ன்னா.